முகம் தெரியாமல் ஒலித்த குரல்
உருக்காலைத் தொழிலாளியின் முதல் இசைத்தட்டு

1966-ம் ஆண்டு ஜனவரி மாதம். அமெரிக்காவில் கிராமியப் பாடல்களை ஒலிபரப்பும் ரேடியோ நிலையங்களுக்குத் தபாலில் ஒரு புதிய இசைத்தட்டு வந்து சேர்ந்தது. பாடியவர் பெயர் "கண்ட்ரி சார்லி பிரைடு" என்று அச்சிட்டிருந்தார்கள். அனுப்பியது ஆர்.சி.ஏ. விக்டர் என்ற பெரிய கம்பெனி.

புதுப் பாடகரின் தட்டை அனுப்பும்போது அவருடைய புகைப்படத்தையும், ஊர், பேர், வரலாறு அடங்கிய குறிப்பையும் சேர்த்து அனுப்புவது வழக்கம். இந்தத் தட்டோடு படம் வரவில்லை. ரேடியோக்காரர்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தட்டைச் சுழலவிட்டார்கள். கனமான, இனிமையான குரல். தெற்கத்திப் பேச்சு வாடை. கேட்டவர்கள் யாரோ ஒரு வெள்ளைக்கார விவசாயி மகன் பாடுகிறான் என்று எண்ணிக்கொண்டார்கள்.

விவசாயி மகன் என்பது சரிதான். வெள்ளைக்காரர் என்பதுதான் தவறு!

பாடியவர் மிஸிஸிப்பி மாநிலத்துக் கருப்பர். பருத்தி எடுத்து வளர்ந்தவர். பிழைப்புக்காக வடக்கே வெகுதூரம் போய், ஈயம் உருக்கும் ஆலையில் உலைக்கு நிலக்கரி அள்ளிப்போட்டுக் கொண்டிருந்தவர். அவருடைய படத்தைக் கம்பெனி வேண்டுமென்றேதான் அனுப்பாமல் வைத்திருந்தது.

அதே ஆண்டில் அவருடைய முதல் எல்.பி. இசைத்தட்டு வெளிவந்தது. அந்தத் தட்டு வந்த கதை இது.

பருத்திக் காட்டு ரேடியோ

மிஸிஸிப்பி மாநிலத்தில் ஸ்லெட்ஜ் என்பது சிற்றூர். சுற்றிலும் பருத்திக் காடு. 1934-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி அங்கே சார்லி பிரைடு பிறந்தார். பெற்றோருக்குப் பிள்ளைகள் பதினொரு பேர். தந்தை மேக் பிரைடு சொந்த நிலம் இல்லாதவர். அடுத்தவர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டார். விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு. மீதிப் பாதியில் விதைக் கடன், கடைக் கடன் எல்லாம் போக என்ன மிஞ்சும் என்பதை நம் ஊர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

மகனுக்குத் தந்தை வைக்க நினைத்த பெயர் "சார்ல்". பிறப்புச் சான்றிதழ் எழுதியவர் செய்த பிழையால் அது "சார்லி" ஆகிவிட்டது. அந்தப் பிழைதான் பிற்காலத்தில் லட்சக்கணக்கான தட்டுகளில் அச்சானது.

வீட்டில் ஒரு பில்கோ ரேடியோ இருந்தது. அதன் திருகு தந்தையின் கையில். சனிக்கிழமை இரவானால் நாஷ்வில் நகரத்திலிருந்து வரும் "கிராண்ட் ஓலே ஓப்ரி" நிகழ்ச்சிதான். 1925-ல் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் கிராமிய இசை நிகழ்ச்சி அது. ராய் அகஃப், எர்னஸ்ட் டப், ஹாங்க் வில்லியம்ஸ் ஆகியோர் பாடுவார்கள். எல்லோரும் வெள்ளையர். பருத்தி எடுத்துக் களைத்து வந்த கருப்புச் சிறுவன் அந்தப் பாட்டுகளை அப்படியே மனப்பாடம் செய்தான். பதினான்காவது வயதில் அவனுக்கு முதல் கிட்டார் கிடைத்தது. ஆசிரியர் யாரும் இல்லை. ரேடியோவில் கேட்டதைக் கேட்டபடி வாசித்துப் பழகினான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கிராமிய இசை என்பது வெள்ளையரின் தனிச் சொத்தாகப் பிறந்ததல்ல. அதில் ஒலிக்கும் பிடில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பாஞ்சோ என்ற வாத்தியமோ ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வழியாக வந்தது. இரண்டும் ஒரே ஊர்த் திண்ணைகளில் கலந்துதான் இந்த இசை உண்டாயிற்று. 1920-களில் இசைத்தட்டுக் கம்பெனிகள் வியாபார வசதிக்காகப் பட்டியலை இரண்டாகப் பிரித்தன. கருப்பர் பாடியது ஒரு பட்டியல், வெள்ளையர் பாடியது இன்னொரு பட்டியல். கடையில் போட்ட கோடு கடைசியில் மக்கள் மனத்திலும் விழுந்துவிட்டது. ஓப்ரி நிகழ்ச்சியின் ஆரம்ப கால நட்சத்திரங்களில் ஒருவரான டிஃபோர்டு பெய்லி, மௌத் ஆர்கன் வாசித்த கருப்பர்தான். அவரும் 1941-ல் வெளியேற்றப்பட்டார். அதன் பிறகு அந்த மேடையில் கருப்பு முகம் நிலைக்கவில்லை.

பஸ்சுக்கு ஈடாக ஆட்டக்காரர்

சார்லிக்குப் பாடகராகும் எண்ணம் முதலில் இல்லை. பருத்திக் காட்டிலிருந்து தப்ப அவர் கண்ட வழி பேஸ்பால் ஆட்டம். 1947-ல் ஜாக்கி ராபின்சன் என்ற கருப்பர் வெள்ளையரின் பெரிய லீக் ஆட்டத்தில் நுழைந்தபோது, நாடு முழுவதும் கருப்புச் சிறுவர்களுக்கு அது புது வழியாகத் தெரிந்தது. சார்லியும் அவர்களில் ஒருவர்.

1950-களில் மெம்பிஸ் ரெட் சாக்ஸ் முதலிய கருப்பர் அணிகளில் பந்து வீசினார். பணமில்லாத அணிகள் அவை. ஒரு சமயம் இவரையும் இன்னொரு ஆட்டக்காரரையும் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு பழைய பஸ்சை வாங்கிக்கொண்டது அவருடைய அணி! வரலாற்றில் பஸ்சுக்கு மாற்றாக விற்கப்பட்ட ஆட்டக்காரர்கள் தாங்கள் இருவர் மட்டுமே இருக்கும் என்று பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார்.

1956-ல் ரோஸீன் என்ற பெண்ணை மணந்தார். அதே ஆண்டு ராணுவ அழைப்பு வந்தது. இரண்டு ஆண்டு சேவை முடித்துத் திரும்பினார். பெரிய அணிகள் எதிலும் இடம் கிடைக்கவில்லை. குடும்பம் வளர்ந்தது. கையில் காசில்லை.

2,400 டிகிரி உலை

1960-ல் அவர் மொன்டானா மாநிலத்துக்குப் போனார். கனடா எல்லையை ஒட்டிய குளிர்ப் பிரதேசம். கருப்பர்கள் மிகமிகக் குறைவு. தெற்கிலிருந்து கிளம்பிய கருப்பர்கள் பெரும்பாலும் சிகாகோவுக்கோ டெட்ராய்ட்டுக்கோ போவார்கள். அங்கே சொந்தக்காரர், தெரிந்தவர் என்று யாராவது இருப்பார்கள். மொன்டானாவில் சார்லிக்கு யாரும் இல்லை.

ஹெலினா நகருக்குப் பக்கத்தில் ஈயம் உருக்கும் ஆலை ஒன்று. அந்த ஆலைக்குச் சொந்தமாக ஒரு பேஸ்பால் அணி உண்டு. நன்றாக ஆடுகிறவர்களுக்கென்றே ஆலையில் 18 வேலைகளை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆட்டத்துக்குத் தோதாக ஷிப்டையும் மாற்றிக் கொடுப்பார்கள். அப்படித்தான் சார்லிக்கு வேலை கிடைத்தது.

வேலை சுலபமானதல்ல. ரெயில் வேகன்களிலிருந்து நிலக்கரியை இறக்கி, 2,400 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 1,300 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் எரியும் உலைக்குள் மண்வெட்டியால் வீச வேண்டும். உலையிலிருந்து தெறிக்கும் கசடு மேலே பட்டால் தோல் வெந்துவிடும். அவருக்கும் பலமுறை சூடு பட்டது. ஒரு தடவை கணுக்கால் எலும்பு முறிந்தது.

அவர் பாடுவதை அணி மேலாளர் கவனித்தார். ஒரு ஆட்டத்துக்கு 20 டாலர் என்று பேசினார். பந்து வீச 10 டாலர், ஆட்டத்துக்கு முன்னால் பாட 10 டாலர்! பாட்டுக்காகவே கூட்டம் கூடியது. இரவில் ஹெலினாவின் மதுக்கடைகளில் கிட்டாரை எடுத்துக்கொண்டு பாடினார். ஆலைத் தொழிலாளர்களின் விருந்துகளிலும் பாடினார். பகலில் உலை, மாலையில் பந்து, இரவில் பாட்டு என்று நாட்கள் ஓடின.

1962-ல் ரெட் ஃபோலி, ரெட் சோவைன் என்ற இரண்டு புகழ்பெற்ற பாடகர்கள் மொன்டானா வந்தார்கள். சார்லி பாடக் கேட்டு வியந்துபோனார்கள். "நாஷ்வில் போய்ப் பாரும்" என்று யோசனை சொன்னார்கள். சார்லியோ பேஸ்பாலை விட மனமில்லாமல், நியூயார்க் மெட்ஸ் என்ற புதிய அணியில் சேர முயன்று புளோரிடா வரை போனார். அங்கும் கதவு திறக்கவில்லை. திரும்புகிற வழியில்தான் 1963-ல் நாஷ்வில்லில் இறங்கினார்.

இரண்டு ஆண்டுக் காத்திருப்பு

நாஷ்வில்லில் ஜாக் ஜான்சன் என்பவர் அவருடைய குரலைக் கேட்டு, மேலாளராக இருக்கச் சம்மதித்தார். ஒப்பந்தம் எழுதியாயிற்று. ஆனால் கம்பெனி கிடைக்கவில்லை. சார்லி மொன்டானா திரும்பி, பழைய வாழ்க்கையைத் தொடர்ந்தார். இப்படி இரண்டு ஆண்டு கழிந்தது.

அதுவரை குரலைக் கேட்டவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் வாங்குவது யார் என்று பயந்தார்கள். அந்த ஆண்டுகளில் அமெரிக்கத் தெற்கு கொதித்துக் கொண்டிருந்தது. கருப்பருக்குச் சம உரிமை தரும் சட்டம் 1964-ல் வந்தது. வாக்குரிமைச் சட்டம் 1965-ல் வந்தது. ஒரே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடுவதற்கே ரத்தம் சிந்திய காலம். அப்படிப்பட்ட இடத்தில் வெள்ளையரின் இசை என்று பெயர் வாங்கிவிட்ட ஒன்றைக் கருப்பர் ஒருவர் பாடினால் தட்டு விலைபோகுமா?

துணிந்தவர் ஜாக் கிளெமென்ட். மெம்பிசில் ஜானி கேஷ் போன்றவர்களின் பாடல்களைப் பதிவுசெய்த அனுபவசாலி. 1965-ல் அவர் சார்லியை வைத்துச் சில பாடல்களைப் பதிவுசெய்தார். அந்த நாடாவை ஆர்.சி.ஏ. கம்பெனியின் நாஷ்வில் தலைவரும், தாமே பெரிய கிட்டார் வித்வானுமான செட் அட்கின்சிடம் கொடுத்தார்.

அட்கின்ஸ் செய்த வேலை சாமர்த்தியமானது. கம்பெனியின் மேலதிகாரிகள் கூடிய இடத்துக்கு நாடாவைக் கொண்டுபோனார். பாடியவர் யார் என்று சொல்லாமல் போட்டுக் காட்டினார். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. அதன் பிறகுதான் அவர் கருப்பர் என்ற செய்தியைச் சொன்னார். பாராட்டியாகிவிட்டது, இனி வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று.

கம்பெனி செய்தது சரியா?

ஒப்பந்தம் போட்டவர்கள் படத்தை மட்டும் மறைத்தார்கள். இதை நியாயம் என்று சொல்ல முடியுமா? ஒருவருடைய குரலை விற்று, முகத்தைப் பெட்டியில் பூட்டி வைப்பது கேவலம்தான். ஆனால் படத்தை அனுப்பியிருந்தால் பல ஊர்களில் தட்டு உறையைவிட்டே வெளியே வந்திருக்காது என்பதும் உண்மை. காதில் விழுவதற்கு முன்னால் கண்ணில் பட்டுவிடக்கூடாது என்று கம்பெனி நினைத்தது. சார்லி அதற்கு உடன்பட்டார். பெயருக்கு முன்னால் "கண்ட்ரி" என்ற சொல்லை ஒட்டியதும் இவர் இந்த இசையைச் சேர்ந்தவர்தான் என்று சொல்லாமல் சொல்வதற்காகவே.

முதல் பாட்டு "தி ஸ்னேக்ஸ் கிரால் அட் நைட்". துரோகம் செய்த மனைவியால் கொலைகாரனாகிவிட்ட கணவனின் கதை. அது பெரிய வெற்றி பெறவில்லை. இரண்டாவது, "பிஃபோர் ஐ மெட் யூ". அதுவும் சுமாராகவே போயிற்று. மூன்றாவதாக, கிளெமென்ட் எழுதிய "ஜஸ்ட் பிட்வீன் யூ அண்ட் மீ" வந்த பிறகுதான் பெயர் பரவியது. கிராமியப் பாடல்களின் விற்பனைப் பட்டியலில் அது முதல் பத்து இடத்துக்குள் ஏறியது.

எல்.பி.யில் இருந்தது என்ன?

"கண்ட்ரி சார்லி பிரைடு" என்ற முதல் எல்.பி. 1966-ல் வெளிவந்தது. ஒரு பாட்டுத் தட்டில் அடிபடாதவர் எல்.பி.யில் அடிபடுவார் என்பது அந்தத் தொழிலில் தெரிந்த விஷயம். சின்னத் தட்டைப் பாட்டுக்காக வாங்குவார்கள். எல்.பி.யை ஆளுக்காக வாங்குவார்கள். காசும் அதிகம், உறையும் பெரிது. அந்த உறையில் முகத்தை மறைத்து வைக்க முடியாது. வைக்கவும் இல்லை.

பாட்டுத் தேர்வைப் பார்த்தால் ஒரு கணக்குத் தெரியும். புதுப்பாட்டுகளைவிட, மற்றவர்கள் பாடி ஏற்கெனவே பிரபலமானவை அதிகம். ஜானி கேஷ் பாடிப் புகழ்பெற்ற "ஃபோல்சம் பிரிசன் புளூஸ்" உண்டு. ஜிம் ரீவ்ஸ் பாடிய "டிஸ்டன்ட் டிரம்ஸ்" உண்டு. ஜிம் ரீவ்ஸ் பெயர் நம் நாட்டிலும் பலருக்குத் தெரியும். பழைய ரெயில்வே காலனிகளில், ஆங்கிலோ இந்தியர் வீடுகளில் அவருடைய தட்டு இல்லாத கிறிஸ்துமஸ் இருக்காது. மக்களுக்குத் தெரிந்த பாட்டைப் பாடிக் காட்டினால்தான் "இவரும் நம்மவர்" என்று ஒப்புக்கொள்வார்கள் என்பது தயாரிப்பாளர்களின் எண்ணம். புது ஊரில் கச்சேரிக்குப் போகும் வித்வான், எல்லோருக்கும் தெரிந்த கீர்த்தனையை முதலில் எடுத்துக்கொள்வதில்லையா, அதுபோலத்தான்.

ஆனால் தேர்ந்த பாட்டுகளில் பல, பாடியவரின் வாழ்க்கையையே சொல்வது போல அமைந்துவிட்டன. "பஸ்டட்" என்பது கடனில் மூழ்கிய ஏழைக் குடும்பஸ்தனின் புலம்பல். பருத்தி விலை சரிந்து, கடன்காரர் வாசலில் நிற்க, பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் மனிதன். பெரும்பாலான பாடகர்களுக்கு அது பாட்டு. சார்லிக்கு அது வீட்டுக் கதை.

"கிரீன் கிரீன் கிராஸ் ஆஃப் ஹோம்", ரெயிலை விட்டு இறங்கிச் சொந்த ஊரில் கால் வைக்கும் மகிழ்ச்சியில் தொடங்குகிறது. அப்பா, அம்மா, காதலி எல்லோரும் எதிர்கொண்டு வருகிறார்கள். கடைசியில்தான் தெரிகிறது, அது சிறைக்குள் தூக்குத் தண்டனைக் கைதி கண்ட கனவு என்று.

எல்லாவற்றுக்கும் மேல் "டெட்ராய்ட் சிட்டி". டேனி டில், மெல் டில்லிஸ் இருவரும் சேர்ந்து எழுதியது. 1963-ல் பாபி பேர் பாடிப் புகழ்பெற்றது. தெற்கிலிருந்து டெட்ராய்ட் மோட்டார் தொழிற்சாலைக்கு வேலை தேடி வந்தவன் பாடுகிறான். பகலில் கார் செய்கிறான், இரவில் மதுக்கடையில் கிடக்கிறான். ஊரில் பெற்றோரும் காதலியும் இருக்கிறார்கள். இவன் எழுதும் கடிதங்களைப் பார்த்து அங்கே உள்ளவர்கள், பிள்ளை நகரத்தில் ராஜாவாக இருக்கிறான் என்று நம்புகிறார்கள். உண்மையை எழுத இவனுக்கு வாய் வரவில்லை. ஊருக்குத் திரும்பிவிட வேண்டும் என்று ஏங்குகிறான்.

தாராவியிலோ, கோலார் சுரங்கத்திலோ, டெல்லிக் குமாஸ்தாக் குடியிருப்பிலோ இருந்து "நான் சௌக்கியம், கவலைப்பட வேண்டாம்" என்று இன்லண்டு லெட்டரில் எழுதிப் போட்டவர்களுக்கு, இந்தப் பாட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி உலையடியில் நின்ற சார்லிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவர் அதை அழுது பாடவில்லை. நிதானமாக, செய்தி சொல்வது போலப் பாடுகிறார். அதனால்தான் அதிகம் உறைக்கிறது.

பின்னணி வாத்தியமும் ஆடம்பரம் இல்லாதது. அந்த ஆண்டுகளில் நாஷ்வில்லில் வயலின் கூட்டமும், கோரஸ் குரல்களும் சேர்த்து, பாட்டை நகரத்து ஆட்களுக்கு ஏற்றாற்போல் மெழுகிக் கொடுக்கும் பாணி ஓங்கியிருந்தது. அந்தப் பாணியை வளர்த்தவர்களில் முக்கியமானவரே அட்கின்ஸ்தான். சார்லியின் தட்டுகளிலோ கிராமத்துச் சுவை குறையாத ஸ்டீல் கிட்டார் முன்னால் நிற்கும். கருப்பர் பாடிய தட்டு, பல வெள்ளையர் தட்டுகளைவிடப் பழைய கிராமிய முறைப்படி அமைந்திருந்தது என்பது வேடிக்கைதான்.

பத்தாயிரம் பேர் வாயடைத்தனர்

தட்டில் மறைத்துவிடலாம். மேடையில் மறைக்க முடியுமா?

மூன்றாவது பாட்டு பிரபலமான சமயம், டெட்ராய்ட் நகரின் ஒலிம்பியா அரங்கில் பெரிய நிகழ்ச்சி. சுமார் பத்தாயிரம் பேர். அந்த நகரத்தில் கிராமிய இசை கேட்க வருகிறவர்களில் கணிசமானோர் யார் என்றால், தெற்கிலிருந்து மோட்டார் தொழிற்சாலை வேலைக்கு வந்து குடியேறிய வெள்ளையர்கள். "டெட்ராய்ட் சிட்டி" பாட்டில் வரும் ஆட்களே நேரில் வந்து உட்கார்ந்திருந்த மாதிரி. அவர்களில் மிகச் சிலருக்குத்தான் சார்லி யார் என்று தெரியும்.

பெயரை அறிவித்தார்கள். கைத்தட்டல் அரங்கை அதிரவைத்தது. சார்லி உள்ளே நடந்து வந்தார். கைத்தட்டல் குறைந்தது... தேய்ந்தது... நின்றேவிட்டது. பத்தாயிரம் பேர் இருந்த இடத்தில் நிசப்தம்!

சார்லி ஓடவில்லை. கிட்டாரைப் பிடித்துக்கொண்டு ஒலிபெருக்கி முன் நின்றார். நிரந்தரமாக வெயிலில் கருத்த உடம்போடு ஒருவன் கிராமியப் பாட்டுப் பாட வந்திருப்பது கொஞ்சம் புதுமையாகத்தான் இருக்கும் என்று தன் நிறத்தைத் தானே கேலி செய்தார். கூட்டம் சிரித்துவிட்டது. மறுபடி கைத்தட்டல். பிறகு பாடினார்.

அந்தக் கேலியை அவரே சொல்ல வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் மனம் சங்கடப்படத்தான் செய்கிறது. வெள்ளைப் பாடகர் எவரும் தன் தோலுக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் பாட்டைத் தொடங்கியதில்லை. பிற்காலத்தில் நிருபர்கள் நிறத்தைப் பற்றியே திரும்பத் திரும்பக் கேட்டபோது, அவர் பேச்சைப் பாட்டின் பக்கமே திருப்பிவிடுவார்.

பிறகு வந்த புகழ்

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1969-ல் அவருடைய பாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன் பின் ஏறக்குறைய முப்பது பாட்டுகள் முதலிடத்தைப் பிடித்தன. 1971-ல் "கிஸ் அன் ஏஞ்சல் குட் மார்னிங்" கிராமிய இசைக்கு வெளியிலும் பரவியது. அந்த ஆண்டின் சிறந்த கலைஞர் என்ற விருதைக் கிராமிய இசைச் சங்கம் அவருக்கு அளித்தது. 1976-ல், குண்டுவெடிப்புக்குப் பயந்து வெளிநாட்டுப் பாடகர்கள் எட்டிப் பார்க்காத பெல்பாஸ்ட் நகருக்குப் போய்ப் பாடினார். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டு இரு தரப்பாரும் ஒரே கொட்டகையில் உட்கார்ந்து கேட்டார்கள். 2000-ம் ஆண்டு கிராமிய இசைப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. 2020-ம் ஆண்டு டிசம்பர் 12-ந் தேதி டல்லாஸ் நகரில் கொரோனா நோயின் பாதிப்பால் தமது 86-வது வயதில் காலமானார்.

அந்தப் புகழையெல்லாம்விட, முதல் எல்.பி. வந்த அடுத்த ஆண்டு நடந்த ஒன்று ஸ்லெட்ஜ் ஊர்க்காரர்களுக்குப் பெரிதாகப் பட்டிருக்கும். 1967 ஜனவரியில் கிராண்ட் ஓலே ஓப்ரி மேடையில் பாட அவருக்கு அழைப்பு வந்தது. டிஃபோர்டு பெய்லிக்குப் பிறகு அந்த மேடையில் தனியாகப் பாட நின்ற கருப்பர் அவர்தான். இரண்டே பாட்டு. பயத்தில் அதை எப்படிப் பாடி முடித்தேன் என்றே தெரியவில்லை என்று பின்னர் சொன்னார்.

அன்று அவரைக் கூட்டத்துக்கு அறிமுகம் செய்துவைத்தவர் எர்னஸ்ட் டப். சனிக்கிழமை இரவுகளில், தந்தை திருகிவைத்த பில்கோ ரேடியோவில், பருத்திக் காட்டு வீட்டுக்குள் வந்த அதே குரல்.